ஏழு மாதமாகக் காணாக்கடி: கத்தரிக்காய் முதல் கருவாடு வரை நிறுத்தியும் நிற்கவில்லை

செம்பருத்தி | மதுரை

வணக்கம். இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன், முதல்முறையாக எழுதுகிறேன்.

எனக்கு 36 வயது. போன ஆடியில் தொடங்கியது, இப்போது மாசி. சாயங்காலம் ஆறு, ஆறரை ஆனால் உள்ளங்கையில் குறுகுறுவென்று ஆரம்பிக்கும். கால் மணி நேரத்தில் தொடையிலும் முதுகிலும் கொசு கடித்தது போலத் தடித்து, ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய பெரிய திட்டாகிவிடும். பாவாடை நாடா கட்டும் இடத்தில் ஒட்டியாணம் போட்டது போல ஒரு சுற்று. காலையில் எழுந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது. பகலில் டாக்டரிடம் போய் நின்றால் காட்டுவதற்கு ஒரு தடம்கூட இருக்காது. இரண்டு முறை மேலுதடு வீங்கி, மறுநாள் மத்தியானம்தான் வடிந்தது.

முதலில் கத்தரிக்காயையும் கருவாட்டையும் நிறுத்தச் சொன்னார்கள். அப்புறம் இறால், முட்டை, வேர்க்கடலை, தக்காளி. போன மாதம் ஒரு பரிசோதனைக்கூடத்தில் ஒன்பதாயிரம் கொடுத்து ரத்தம் பார்த்தேன். கோதுமை, பூண்டு, பால் உட்பட பதினோரு பொருள் ஒத்துக்கொள்ளாது என்று தாள் வந்தது. அதையும் நிறுத்தினேன். ஆறு கிலோ குறைந்துவிட்டேன், தடிப்பு மட்டும் குறையவில்லை. வந்தால் ஒரு செட்டிரிசின் போடுவேன், அடங்கும். மறுநாள் அதே ஆறரை மணி.

நான் இன்னும் எதைத்தான் நிறுத்த வேண்டும்? இதே போல் இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.


கரிசல்காடு | கோவில்பட்டி

தோழி, எனக்கும் வந்தது. எங்கள் பாட்டி வெற்றிலையில் ஐந்து மிளகு வைத்து மூன்று நாள் மெல்லச் சொன்னார்கள், கம்பளியால் உடம்பைத் துடைத்துவிட்டார்கள். நாலாம் நாள் காணவில்லை, இன்றுவரை திரும்பவில்லை. செலவில்லாத வைத்தியம், செய்து பாருங்கள்.


வெண்புறா | தஞ்சாவூர்

செம்பருத்தி, படித்ததும் மனசு கனத்துவிட்டது. தோல் பிரிவில் செவிலியராகப் பத்தொன்பது வருடம் வேலை பார்க்கிறேன். உங்களைப் போல நாலைந்து சாப்பாட்டை விட்டுவிட்டு, இளைத்துப்போய் வந்து உட்காரும் பெண்களை வாரத்துக்கு இரண்டு பேராவது பார்க்கிறேன். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது ஏறக்குறைய இரண்டு மடங்கு அதிகம்.

முதலில் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். இன்று சாயங்காலம் வரும் தடிப்பில் ஒன்றைச் சுற்றி பால்பாயிண்ட் பேனாவால் வட்டம் போட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நாளை அதே நேரம் அந்த வட்டத்துக்குள் பாருங்கள். தடிப்பு தடமில்லாமல் மறைந்து, வேறு இடத்தில் புதிதாக வந்திருந்தால் அது காணாக்கடிதான். அதே இடத்தில் ஒரு நாளுக்கு மேல் நின்று, அரிப்பைவிட எரிச்சலும் வலியும் அதிகமாக இருந்து, கன்றிப்போனது போலக் கறையை விட்டுப் போனால் அது வேறு. அங்கே சிறு ரத்தக்குழாய்களில் அழற்சி இருக்கலாம், ஒரு துளி தோல் எடுத்துச் சோதிக்க வேண்டியிருக்கும். டாக்டருக்குக் காட்ட தடமில்லை என்று கவலைப்படாதீர்கள், தடித்திருக்கும்போது போனில் படம் எடுத்துக்கொண்டு போனால் போதும்.

நடப்பது இதுதான். தோலுக்கடியில் மாஸ்ட் செல்கள் என்று உண்டு. ஒவ்வொன்றின் உள்ளேயும் ஹிஸ்டமின் நிறைந்த சிறு மணிகள். செல் தூண்டப்பட்டால் மணிகள் உடைந்து ஹிஸ்டமின் வெளியேறும். அது நரம்பைத் தொட்டால் அரிப்பு, ரத்தக்குழாயைத் தொட்டால் நீர் கசிந்து தடிப்பு. அதே கசிவு இன்னும் ஆழத்தில், உதட்டிலோ கண்ணிமையிலோ நடந்தால் உங்களுக்கு வந்த வீக்கம். மேலே இருப்பது மணிக்கணக்கில் வடியும், ஆழத்தில் இருப்பது வடிய இரண்டு மூன்று நாள்கூட ஆகும்.

மாஸ்ட் செல்லைத் தூண்டியது யார் என்பதுதான் எல்லாரும் தேடுவது. ஆறு வாரத்துக்குள் முடிந்துவிடும் காணாக்கடிக்குப் பெரும்பாலும் ஒரு கிருமித் தொற்றோ, மருந்தோ, சில வேளை உணவோ காரணமாக இருக்கும். குழந்தைகளுக்குச் சளி காய்ச்சலோடு வருவதுதான் அதிகம், அந்த வாரம் தின்ற சாக்லேட் மேல் பழி விழும். ஆறு வாரத்தைத் தாண்டித் தினமும் வந்தால் கதை வேறு. அங்கே உணவு காரணமாக இருப்பது மிக அரிது. பாதிப் பேருக்காவது நம் எதிர்ப்பு சக்தியே தவறுதலாக மாஸ்ட் செல்லைத் தாக்கும் எதிர்ப்புப் பொருளை உண்டாக்கிவிடுகிறது. யோசித்துப் பாருங்கள், காலையில் கோதுமை தின்றாலும் மத்தியானம் சோறு தின்றாலும் ஆறரைக்கு வருகிறதே. உணவு ஒவ்வாமை என்றால் சாப்பிட்ட சில நிமிடத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள், தின்னும்போதெல்லாம் வரும்.

அந்தப் பதினோரு பொருள் தாளை மடித்து வைத்துவிடுங்கள். ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் இருப்பது வேறு, அந்த உணவு உங்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போவது வேறு. பூண்டு தின்று உங்களுக்கு ஒருநாளும் ஒன்றும் ஆனதில்லை என்றால் பூண்டு ஒத்துக்கொள்கிறது என்றுதான் அர்த்தம்.

கரிசல்காடு அண்ணே, பாட்டி வைத்தியத்தைக் குறை சொல்லவில்லை. உங்களுக்கு வந்தது மூன்று நாள் வகை. அது தானாகவே அடங்கியிருக்கும். ஏழு மாத வகைக்கு வெற்றிலை மிளகு போதாது.


அகத்தி | நாகர்கோவில்

செவிலியர் அம்மா சொல்வதை மதிக்கிறேன். ஆனால் ஒரு கேள்வி. காணாக்கடி என்று பெயர் வைத்த நம் முன்னோர், கடித்தது எது என்று கண்ணுக்குத் தெரியாது, ஆனால் உள்ளே ஏதோ ஒன்று இருக்கிறது என்று அறிந்துதான் வைத்தார்கள். லத்தீனில் இந்த நோய்க்கு இருக்கும் பெயரும் தொட்டால் தடிக்கும் ஒரு செடியின் பெயரிலிருந்து வந்ததுதான், நம் ஊர்ச் செந்தட்டி மாதிரி. அப்படியிருக்க, காரணத்தைத் தேடாமல் தினமும் மாத்திரை போட்டால் நோயை உள்ளே அடக்கி வைப்பது ஆகாதா? அடக்கினது ஒருநாள் வேறு வழியில் வெளியே வராதா?


வெண்புறா | தஞ்சாவூர்

அகத்தி ஐயா, நல்ல கேள்வி. பாதிப் பேர் மாத்திரையை நிறுத்துவதே இந்தப் பயத்தால்தான், அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

ஹிஸ்டமின் உடம்புக்குள் தேங்கி நிற்கும் பொருள் இல்லை. வெளியே வந்த சில நிமிடங்களில் உடம்பே அதைச் சிதைத்துவிடும். மாத்திரை அதை எங்கேயும் அடைத்து வைப்பதில்லை. நரம்பிலும் ரத்தக்குழாயிலும் ஹிஸ்டமின் போய் உட்காரும் இடத்தில் மாத்திரை முன்பே போய் உட்கார்ந்துகொள்கிறது, அவ்வளவுதான். அதனால்தான் தடிப்பு வந்தபின் போடுவதைவிட வருவதற்கு முன்பே போடுவது பலன் தரும். நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்தபின் எழுப்புவது சிரமம் இல்லையா.

காரணத்தைத் தேட வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. ரத்த அணுக்கள், அழற்சியின் அளவு, ஐஜிஇ என்ற ஒவ்வாமை எதிர்ப்புப் பொருளின் மொத்த அளவு, தைராய்டு எதிர்ப்புப் பொருள் இவற்றைப் பார்ப்பார்கள். வலி மாத்திரை பழக்கம் உண்டா என்று கேட்பார்கள், ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் எல்லாம் பலருக்குத் தடிப்பைக் கிளறிவிடும். இதற்கு மேல் தோண்டினால் பணம்தான் போகும். காரணம் உடம்பின் எதிர்ப்பு சக்தியே என்னும்போது அதைச் சமையலறையில் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. இந்த நோய் பெரும்பாலும் ஒன்றிலிருந்து ஐந்து வருடத்துக்குள் தானாக ஓய்ந்துவிடும். அது ஓயும்வரை மனுஷி தூங்க வேண்டும், சாப்பிட வேண்டும், வேலைக்குப் போக வேண்டும். அதற்குத்தான் மாத்திரை.


பாக்குநீரிணை | யாழ்ப்பாணம்

எங்கள் பக்கம் அரிப்பையே 'கடி' என்றுதான் சொல்வோம். 'உடம்பெல்லாம் கடிக்குது' என்றால் அரிக்கிறது என்று அர்த்தம். காணாக்கடி என்ற பெயரைப் பார்த்ததும் அதனால் எனக்குச் சிரமமில்லாமல் விளங்கிற்று.

மீன் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு ஞாயிறு சூரைமீன் குழம்பு. சாப்பிட்டு அரை மணி நேரத்தில் எனக்கும் தம்பிக்கும் முகம் சிவந்து, கழுத்தெல்லாம் தடித்து, தலை இடித்தது. அம்மாவுக்கு வாய் மட்டும் சுள்ளென்று இருந்ததாம். எல்லோருக்கும் திடீரென்று சூரை ஒவ்வாமையா என்று பயந்தே போனோம். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, மீன் எத்தனை மணி நேரம் ஐஸ் இல்லாமல் இருந்தது என்பதுதான். காலை பிடித்த மீன், மத்தியானம் வரை மோட்டார் சைக்கிள் பெட்டியில் வந்திருக்கிறது. சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்கள் சூட்டில் கிடந்தால் அதிலுள்ள ஹிஸ்டிடின் என்ற புரதக் கூறைக் கிருமிகள் ஹிஸ்டமினாக மாற்றிவிடும். குழம்பு எவ்வளவு கொதித்தாலும் அது அழியாது. நாங்கள் ஹிஸ்டமினைத் தட்டில் போட்டுச் சாப்பிட்டிருக்கிறோம். ஒவ்வாமை என்றால் வீட்டில் ஒருவருக்கு வரும், ஒரே சட்டியில் சாப்பிட்ட மூவருக்கும் வராது. அதற்குப் பிறகு நல்ல சூரை எத்தனையோ முறை சாப்பிட்டாயிற்று, ஒன்றும் இல்லை.


நெல்லிமரம் | திருச்சி

உண்மையான மீன் ஒவ்வாமை எப்படி இருக்கும் என்பதற்குப் பழைய கதை ஒன்று உண்டு. பிளஸ் டூவுக்கு உயிரியல் எடுக்கிறேன், வகுப்பில் சொல்வேன். 1921-ல் ஜெர்மனியில் பிராஸ்னிட்ஸ், கூஸ்ட்னர் என்று இரண்டு மருத்துவர்கள். கூஸ்ட்னருக்குச் சமைத்த மீன் ஆகாது. அவருடைய ரத்த நீரைப் பிராஸ்னிட்ஸ் தன் தோலில் ஊசியால் ஏற்றிக்கொண்டு, மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைச் செலுத்தினார். மீன் தின்று எந்தத் தொல்லையும் வராத அவருக்கு அந்த இடத்தில் மட்டும் தடித்தது. ஒவ்வாமை ரத்த நீரில் இருக்கும் ஏதோ ஒரு பொருளால் வருகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. அது ஐஜிஇ என்று கண்டுபிடிக்க 1966 வரை ஆயிற்று. மாஸ்ட் செல்லைப் பற்றி எர்லிக் 1878-லேயே எழுதிவிட்டார். செல் முதலில் கிடைத்தது, அதைத் தூண்டும் பொருள் கிடைக்கக் கிட்டத்தட்ட தொண்ணூறு வருடம்.


வானவில் | சென்னை

செம்பருத்தி, உங்கள் இடத்தில் நான் இருந்திருக்கிறேன். எனக்கு நாலு வருடம். செய்யக் கூடாததைச் செய்தவள் என்பதால் சொல்கிறேன்.

இரண்டாம் வருடம் ஒருவர் பொட்டலம் பொட்டலமாகத் தூள் கொடுத்தார். ஒரே வாரத்தில் தடிப்பு சுத்தமாகப் போயிற்று. கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்தேன். மூன்று மாதத்தில் முகம் பௌர்ணமி நிலா போல ஊதிற்று, சர்க்கரை ஏறிற்று, தூளை ஒருநாள் விட்டால் தடிப்பு இரண்டு மடங்காக வந்தது. அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கும் என்று பிறகு பார்த்த டாக்டர் சொன்னார். ரொம்ப முற்றினால் சில நாள் ஸ்டீராய்டு கொடுப்பது உண்டு, மாதக்கணக்கில் கூடவே கூடாது. என்ன இருக்கிறது என்று எழுதாத எந்தப் பொட்டலத்தையும் தொடாதீர்கள்.

இப்போது நாலு வாரத்துக்கு ஒருமுறை ஒமாலிசுமாப் ஊசி, 300 மில்லிகிராம், தோலுக்கடியில் போடுகிறார்கள். போட்டபின் கொஞ்ச நேரம் ஆஸ்பத்திரியிலேயே உட்கார வைத்துப் பார்ப்பார்கள். ஆஸ்துமாவுக்கு வந்த மருந்து, 2014-ல் இதற்கும் அனுமதி கிடைத்தது. எனக்கு இரண்டாவது ஊசியிலேயே அடங்கிவிட்டது. விலை அதிகம், அதை மறைக்க விரும்பவில்லை. மாத்திரையில் அடங்குபவர்களுக்கு இது தேவையே இல்லை.

ஒரு நோட்டில் தினமும் எழுதுங்கள். தடிப்புக்கு 0 முதல் 3, அரிப்புக்கு 0 முதல் 3. ஏழு நாளையும் கூட்டினால் அதிகபட்சம் 42. நான் தொடங்கும்போது 38. டாக்டர் முன் உட்கார்ந்து 'ரொம்பக் கஷ்டமா இருக்கு' என்று அழுததைவிட அந்த 38 நன்றாகப் பேசிற்று.


தேன்கூடு | கோவை

இதையும் கேட்டுவிடுகிறேன். என் பையனுக்குப் பதினான்கு வயது. ஐஸ்கிரீம் டப்பாவைப் பிடித்தால் விரல் தடிக்கிறது, மார்கழியில் சைக்கிளில் போய்வந்தால் கன்னம் தடிக்கிறது. போன வாரம் தோட்டத்துக் கிணற்றில் குதித்து ஏறியவன் உடம்பு முழுக்கத் தடித்து, தலை சுற்றுகிறது என்று படுத்துவிட்டான். அரை மணி நேரத்தில் சரியாகிவிட்டது. சாதாரணம்தானே?


வெண்புறா | தஞ்சாவூர்

தேன்கூடு, சாதாரணம் இல்லை. தயவுசெய்து டாக்டர் பார்க்கும்வரை அவனைக் கிணறு, ஆறு, அருவி, நீச்சல்குளம் எதிலும் இறங்க விடாதீர்கள். இது குளிரால் வரும் வகை. உடம்பு முழுதும் ஒரே நேரத்தில் குளிரும்போது மொத்தமாக ஹிஸ்டமின் வெளியேறி ரத்த அழுத்தம் விழும், தண்ணீருக்குள்ளேயே மயக்கம் வந்தால் காப்பாற்றுவது கடினம். டாக்டர் ஒரு ஐஸ் கட்டியைப் பாலிதீனில் சுற்றி முன்கையில் ஐந்து நிமிடம் வைத்து எடுத்துப் பத்து நிமிடம் காத்திருப்பார். கட்டியின் வடிவத்திலேயே தோல் தடித்து எழும்பும். அவனுக்கு எப்போதாவது அறுவைசிகிச்சை நடந்தால் முன்பே சொல்லிவிடுங்கள், அறையின் குளிரும் குளிர்ந்த குளுக்கோஸும்கூடக் கிளறும்.

இந்த இடத்தில் எல்லோருக்கும் ஒன்று. தடிப்போடு மூச்சுத் திணறல், குரல் கம்மல், நாக்கு வீக்கம், வாந்தி, மயக்கம் இதில் எது சேர்ந்தாலும் செட்டிரிசினைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். அதற்கு மருந்து தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடும் அட்ரினலின் ஊசி. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.


பழையபேருந்து | சேலம்

வணக்கம் அம்மா. வயது 61. எனக்குத் தடிப்போ அரிப்போ கிடையாது. இரண்டு மாதத்தில் மூன்று தடவை கீழுதடு மட்டும் இட்லி மாதிரி வீங்கிற்று. ஒவ்வாமைக்குப் போடும் அவில் மாத்திரை போட்டேன், கேட்கவில்லை. ரத்த அழுத்தத்துக்கு மூன்று வருடமாக ராமிப்ரில் சாப்பிடுகிறேன், அதைத் தவிர வேறு மருந்து இல்லை. என்ன சாப்பாட்டை நிறுத்தலாம்?


வெண்புறா | தஞ்சாவூர்

ஐயா, சாப்பாட்டை விடுங்கள். அடுத்த மாத்திரை போடுவதற்கு முன்பே டாக்டரைப் பாருங்கள், இன்றைக்கே போங்கள். 'ப்ரில்' என்று முடியும் அழுத்த மாத்திரைகள் சிலருக்கு, வருடக்கணக்கில் சாப்பிட்ட பிறகும், தடிப்பில்லாத வீக்கத்தைக் கொடுக்கும். அது ஹிஸ்டமினால் வருவதில்லை, பிராடிகைனின் என்ற வேறு பொருள். அதனால்தான் அவில் கேட்கவில்லை. இன்று உதடு, நாளை நாக்கு அல்லது தொண்டையாக இருந்தால் ஆபத்து. அழுத்தத்துக்கு வேறு வகை மாத்திரை மாற்றித் தருவார்கள். வீக்கம் நாக்குக்குப் போனாலோ குரல் மாறினாலோ நேராக அவசரப் பிரிவு.


செம்பருத்தி | மதுரை

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்க வேண்டும்.

பேனா வட்டம் போட்டேன். மறுநாள் ஆறரைக்கு வட்டம் மட்டும் இருந்தது, உள்ளே தோல் சுத்தமாக இருந்தது. இடது தொடையில் போட்டிருந்தேன், அன்றைக்கு வலது தொடையில் வந்திருந்தது. அந்தப் படத்தையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு தோல் டாக்டரிடம் போனேன். முதல் வாரக் கூட்டல் 31.

தைராய்டு எதிர்ப்புப் பொருள் அதிகம் இருக்கிறது, தைராய்டும் கொஞ்சம் மந்தம். அதற்குத் தனியாக மருந்து. காணாக்கடிக்குத் தூக்கக் கலக்கம் தராத வகையில் ஒரு மாத்திரையைத் தினமும் போடச் சொன்னார். இரண்டு வாரத்தில் 31 இறங்கி 19 ஆயிற்று. போதாது என்று அதே மாத்திரையை இரண்டு வேளை ஆக்கினார். தேவைப்பட்டால் நாலு மடங்கு வரை கூட்ட வழி உண்டு, ஆனால் தானாகக் கூட்டக் கூடாது என்று எழுதியே கொடுத்தார். போன வாரம் 6. பாவாடை நாடாவைத் தளர்த்தி அகலப் பட்டியாக மாற்றிக்கொண்டேன், அழுத்தம் படும் இடத்தில் அதிகம் வரும் என்பதால். இடுப்பில் அந்தச் சுற்று இப்போது வருவதில்லை.

நிறுத்தியதை ஒவ்வொன்றாகத் திரும்பச் சாப்பிடச் சொன்னார். முட்டை, பால், கோதுமை, தக்காளி எல்லாம் வந்தாயிற்று. போன ஞாயிறு மாமியார் தானே கேட்டு, பிஞ்சுக் கத்தரிக்காய் வாங்கி எண்ணெய்க் கத்தரிக்காய் வைத்தார்கள். இரண்டு முறை போட்டுக்கொண்டேன். அவர்கள் ஆறரை வரை என் கையையே பார்த்துக்கொண்டு இருந்தார்கள். ஏழு மணிக்கு எழுந்து போய் விளக்கேற்றினார்கள்.

ஒரு சந்தேகம் மட்டும். இப்போது 6 என்றால் மாத்திரையைக் குறைக்கலாமா?


வெண்புறா | தஞ்சாவூர்

ரொம்ப சந்தோஷம்மா. இப்போது குறைக்க வேண்டாம். முதலில் பூஜ்யம் வரட்டும். பூஜ்யமாகவே சில மாதம் நிற்கட்டும். அதற்குப் பிறகு டாக்டர் படிப்படியாகக் குறைத்துப் பார்ப்பார். திரும்ப வந்தால் மறுபடி பழைய அளவு, அதில் பயப்பட ஒன்றுமில்லை. கர்ப்பம் தரிக்கும் எண்ணம் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், அதற்கேற்ற மாத்திரை உண்டு.

பழையபேருந்து ஐயா, நீங்கள் டாக்டரைப் பார்த்தீர்களா?


பழையபேருந்து | சேலம்

அன்று சாயங்காலமே போனேன் அம்மா. மாத்திரையை மாற்றிவிட்டார். ராமிப்ரில் ஆகாது என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார், அதைச் சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறேன். உதடு இதுவரை வீங்கவில்லை.